ஆறேகால் மடங்கு

வயலின் இல்ல தங்கச்சி, மட்டை. உறையைப் பாத்து எல்லாரும் வயலின்னுதான் நினைக்காவ. திறந்து காட்டுதேன், பாருங்க. பூப்பந்து மட்டை. மஞ்சக் கலர்ல கம்பளிப் பந்து ஒண்ணு இருக்கும்லா, அதை அடிக்கது. இந்த வயசுலயான்னு கேக்கீங்களா? வாயால கேக்கலை, முகத்தால கேட்டுட்டீங்க. எனக்கு நாப்பத்தொண்ணு. இன்னைக்கு நாகர்கோவில்ல முப்பத்தஞ்சு வயசுக்கு மேல உள்ள பொம்பளைகளுக்கு இரட்டையர் போட்டி. அதுக்குத்தான் இந்த பஸ்ஸுல போறேன். இரட்டையர்னா ரெண்டு பேரு ஆடணும். ஒத்தையா போறீங்களேன்னு கேளுங்க. கேட்டாத்தானே நான் சொல்ல முடியும்?

என் பேரு சண்முகக்கனி. பாளையங்கோட்டை. தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட். என் கூட்டாளி பேரு குளோரி. ஸ்கூல்ல கணக்கு டீச்சர். பதினொரு வருஷமா நானும் அவளும் ஜோடி. அவ முன்னாடி, வலைகிட்ட நிப்பா. நான் பின்னாடி. உசரமா வாற பந்தெல்லாம் எனக்கு. எம்பி அடிச்சேன்னா எதிராளி கண்ணை மூடிக்கிடுவா. ஜில்லாவுல எங்க ரெண்டு பேரையும் தெரியாத ஆளு கிடையாது.

நாலு மாசமா நாங்க பேசிக்கிடலை.

காரணம் என்னன்னு நினைக்கீங்க? கொடுக்கல் வாங்கலா? இல்ல. புருஷன்மாரு சண்டையா? அதுவும் இல்ல. இடுப்பு. சிரிக்காதீங்க. இடுப்பு மூட்டு.

மாசி மாசம் ஒருநாள் சாயங்காலம் வழக்கம்போல அஞ்சரை மணிக்கு ஆடிக்கிட்டு இருக்கோம், ஒரு பிள்ளை வந்து நிக்குது. ஒல்லியா, பெரிய பையோட. பேரு ஹிதாயா, மேலப்பாளையம். பிசியோதெரபி காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணுதாளாம். குரலு வெளியவே வராது, நாமதான் உள்ள போய் எடுக்கணும். "மேடம், நல்ல ஆரோக்கியமா, தொடர்ந்து விளையாடுறவங்க இருபது பேர் வேணும். ஓடும்போது, குதிக்கும்போது, சட்டுனு திரும்பும்போது இடுப்பு மூட்டுல எவ்வளவு பாரம் விழுதுன்னு அளக்கப் போறோம்"னா.

நல்ல ஆரோக்கியம். இருபதே பேரு. அதாவது செலக்‌ஷன். நான் அப்படித்தானே எடுத்துக்கிட முடியும்?

குளோரிக்கு இஷ்டமே இல்லை. "ஏட்டி, எனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கதே வலிக்கும்போதுதான் ஞாபகம் வரும். இப்ப அது சும்மாத்தானே கிடக்கு. எதுக்குப் போய் எழுப்பணும்?"னா. நான்தான் இழுத்துட்டுப் போனேன். அது என் தப்பு. இந்தக் கதையில என் தப்புன்னு இருக்கது அது ஒண்ணுதான்.

அந்த ரூமைப் பாக்கணுமே! சுத்தி எட்டு காமெரா. தரையில ஒரு இரும்புத் தட்டு பதிச்சிருக்கு. பழைய பேப்பர்க்காரர் தராசு மாதிரிதான், ஆனா இது பொய் சொல்லாது. முழங்காலுக்கு மேல நிக்க இறுக்கமான டவுசர் ஒண்ணைக் கொடுத்துப் போடச் சொன்னாவ. எட்டாங்கிளாசுக்குப் பொறவு என் முழங்காலை வெளியாளு பாத்தது அன்னைக்குத்தான். எல்லாம் பொம்பளைப் பிள்ளைகதான், இருந்தாலும் குளோரி துப்பட்டாவைக் கொண்டு சுத்திக்கிட்டா. "மேடம், உருண்டை தெரியணும்"னு அந்தப் பிள்ளை கெஞ்சுது. உருண்டைன்னா, முத்து மாதிரி பளபளன்னு சின்னச் சின்னதா, டேப்பு வச்சு இடுப்புல, தொடையில, முட்டியில, பாதத்துல எல்லாம் ஒட்டுதாவ. காமெரா அதைத்தான் பாக்குமாம், நம்மளைப் பாக்காதாம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பவுடர் போட்டுட்டுப் போயிருந்தேன்.

நடக்கச் சொன்னாவ. ஓடச் சொன்னாவ. ஓடி வந்து தட்டு மேல காலை ஊணிச் சட்டுனு பக்கத்துல திரும்பச் சொன்னாவ. பொறவு எம்பிக் குதிச்சு ஒத்தக்கால்ல இறங்கச் சொன்னாவ. பத்து பத்து தடவை.

இடையில நான் கேட்டேன், "ஏம்மா, பாரம்னா என்ன பாரம்? நான் எடை போட்டா வாற பாரம்தானே?" அந்தப் பிள்ளை நல்லாச் சொல்லிக் கொடுத்துச்சு. அப்படி இல்லையாம் தங்கச்சி. நீங்க ஒத்தக்கால்ல நிக்கும்போது உடம்பு இன்னொரு பக்கம் சாஞ்சு விழாம இருக்க, இடுப்புப் பக்கத்துச் சதை கப்புனு இழுத்துப் பிடிக்குமாம். உடம்பு எடையும் அந்த இழுவையும் சேர்ந்து மூட்டு மேல உக்காருமாம். அதனால சும்மா ரோட்டுல நடந்தாலே நம்ம எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு. ஓடினா அதுக்கும் மேல. குதிச்சு இறங்கினா, சட்டுனு திரும்பினா, இன்னும் மேல. உள்ள எதையும் வச்சுப் பாக்கது இல்லை. காமெராவும் தட்டும் சொல்லுததை வச்சு கம்ப்யூட்டர் வெளிய இருந்தே கணக்குப் போடுது.

மடங்கு. அந்த வார்த்தைதான் என்னைப் பிடிச்சுக்கிட்டு.

"எனக்கு எத்தனை மடங்கு?"ன்னேன். "இன்னும் சரிபார்க்கணும் மேடம்"னா. "சரிபார்க்காமலே சொல்லு"ன்னேன். "ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறீங்க, ஒருத்தர் எண்ணை இன்னொருத்தருக்குச் சொல்லக் கூடாது"னா. "குளோரி, நீ ஒண்ணும் நினைக்க மாட்டேல்லா?"ன்னேன். "என்னத்த நினைக்க, சொல்லித் தொலைக்கட்டும், எனக்கு நாலு மணிக்கு டியூஷன் இருக்கு"ன்னா. அந்தப் பிள்ளையும் வேற வழியில்லாம ஸ்கிரீனைத் திருப்பிச்சு. குதிச்சு இறங்குததுல குளோரிக்கு நாலரை மடங்கு.

எனக்கு ஆறேகால்.

ஆறேகால் தங்கச்சி! என் எடை அறுபத்தெட்டு கிலோன்னு வச்சுக்கிடுங்க. ஆறேகால் மடங்குன்னா நானூத்தைம்பது கிலோ. ஒம்போது மூட்டை சிமெண்டை என் ஒத்த இடுப்பு தாங்குது. ஏன் விரலை மடக்குதீங்க? செல்போன்ல எல்லாம் போட்டுப் பாக்க வேண்டாம், அந்தக் கணக்கை விடுங்க. விஷயம் அது இல்லை.

அடுத்த நாள் ஆபீஸ்ல இருபத்தி மூணு பேருக்கும் லட்டு கொடுத்தேன். தாசில்தார், "என்னம்மா, மகளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிட்டா?"ன்னு கேட்டாரு. "இல்ல சார், இடுப்புல ஆறேகால் வந்திருக்கு"ன்னேன். மனுஷன் கையில எடுத்த லட்டை அப்படியே வச்சுட்டு, "லீவு வேணும்னா எடுத்துக்கோம்மா"ன்னாரு. எங்க வீட்டுக்காரர் அதுக்கு மேல. "எந்த டாக்டர்ட்டக் காட்டுனே?"ன்னு பதறுதாரு. இந்த ஊர்ல ஒரு சாதனையைச் சொல்லிப் புரிய வைக்கது லேசுப்பட்ட காரியம் இல்லை.

குளோரிகிட்டயும் கோர்ட்டுல வச்சு அன்பாத்தான் சொன்னேன். "வருத்தப்படாதடி, நாலரையும் நல்ல எண்ணுதான்"னு. அவ மட்டையில பந்தைத் தட்டிக்கிட்டே, "எனக்கு என்ன வருத்தம்?"ன்னா. உள்ள இருந்திருக்கும்.

ஒரு வாரம் கழிச்சு ஹிதாயாவுக்குப் போன் போட்டேன். சர்டிபிகேட் எப்பத் தருவீங்கன்னு கேக்கதுக்கு. "எந்தச் சர்டிபிகேட் மேடம்?" "எனக்குத்தான் கூட வந்திருக்குல்லா?" ஹிதாயா பையச் சொல்லுதா: "மேடம், கூட வந்தா ஜெயிச்சதுன்னு அர்த்தம் இல்ல. குறைய வந்தாத் தோத்ததுன்னும் இல்ல. ஆரோக்கியமான மூட்டு ரெண்டையும் தாங்கும். நீங்க முட்டியை மடக்காம விறைச்ச மாதிரி இறங்குறீங்க. குளோரி மேடம் இடுப்பையும் முட்டியையும் மடக்கிப் பதமா இறங்குறாங்க. அதே உயரம்தான், பாரம் பங்கு பிரிஞ்சு போயிருது."

பதமா இறங்குறாங்களாம்!

நான் அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. ரெண்டு தோசையோட எந்திரிச்சுட்டேன். அப்ப லட்டு கொடுத்தது எதுக்கு? குறையத்தான் நல்லதுன்னா குளோரியில்லா ஜெயிச்சிருக்கா? அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் "எனக்கு என்ன வருத்தம்"னு மட்டையைத் தட்டியிருக்கா! கணக்கு டீச்சர் இல்லையா.

மூணு வாரம் கழிச்சு ரெண்டாம் தடவை அளப்பாவ. அதுக்குள்ள நாலுக்குக் கீழ வந்துரணும்னு முடிவு பண்ணிட்டேன்.

எங்க வீடு மாடியில. தினமும் காலையில கட்டில்ல இருந்து குதிப்பேன். முதல் நாளே கீழ்வீட்டு அக்கா ஓடி வந்துட்டா, சீலிங்ல இருந்து சுண்ணாம்பு உதிருதுன்னு. பக்கத்து வீட்டுல ஒரு பூனை உண்டு. அது மதில்ல இருந்து எப்படி இறங்குதுன்னு பக்கத்துல உக்காந்து பாத்தேன். முன்னங்காலை முதல்ல வைக்குது. அது எனக்குத் தோதுப்படலை. ஒரு தடவை செஞ்சு பாத்தேன், மணிக்கட்டு வீங்கிட்டு. பொறவு நானா கண்டுபிடிச்சேன். விரல் முதல்ல, குதிகால் பொறவு, முட்டியை மடக்கி, இடுப்பைப் பின்னாடி தள்ளி, பாயில உக்காரப் போறவ மாதிரி. ஆபீஸ் படியில கடைசி மூணு படியை அப்படித்தான் இறங்குவேன். பட்டா வாங்க வந்தவங்க வழிவிட்டு ஒதுங்கி நின்னாவ. பதினஞ்சாம் நாளு கீழ்வீட்டு அக்கா, "ஊருக்கா போயிருந்தே கனி, ரெண்டு நாளா ஆளையே காணோம்?"ன்னா. நான் மாடியில குதிச்சுக்கிட்டேதான் இருந்தேன்! ஒரு சத்தம் இல்லை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு தங்கச்சி.

இது நாங்குநேரியா? ஆமா, டோல்கேட். இன்னும் நேரம் இருக்கு.

அந்த வாரக் கடைசியில தூத்துக்குடியில ஒரு போட்டியோட அரையிறுதி. குளோரிகிட்ட நான் எதையும் சொல்லலை. திடீர்னு காட்டுவோம்னு இருந்தேன். முதல் செட்டு எங்களுக்கு. ரெண்டாவது போச்சு. மூணாவதுல கடைசி நேரம். நான் எம்பி எம்பி அடிக்கேன், பூனை மாதிரி இறங்குதேன். ஒரு பந்து நடுவுல உசரமா வருது. என் பந்து. பதினொரு வருஷமா அது என் பந்து. நான் முன்னாடி வாரேன், குளோரி பின்னாடி வாரா. வந்தா பாருங்க! அவ தலை என் நாடியில, என் மட்டை அவ கண்ணாடியில. ரெண்டு பேரும் கோர்ட்டுல மல்லாக்கக் கிடக்கோம். பந்து எங்க நடுவுல, மெதுவா, ஆற அமர வந்து விழுது. ஆட்டம் போச்சு.

குளோரி கண்ணாடி ரெண்டு துண்டு. அவ கண்ணைச் சுருக்கிக்கிட்டு, எனக்குப் பக்கத்துல இருந்த கம்பத்தைப் பாத்துக் கேக்கா: "ஏட்டி, நீ எங்கட்டி இருந்தே? சத்தமே இல்லையே! நீ இங்க இல்லைன்னுல்லா நினைச்சேன்!"

"சத்தமா? என்ன சத்தம்?"

"நீ தொம்மு தொம்முனு குதிப்பேல்லா. அதை வச்சுத்தான் நீ எங்க நிக்கேன்னு எனக்குத் தெரியும். நான் என்னைக்குத் திரும்பிப் பாத்திருக்கேன்?"

எப்படி இருந்திருக்கும் எனக்கு! தொம்மு தொம்மாம். சுத்தி அம்பது பேரு நிக்காவ. அத்தனை பேருக்கும் நடுவுல, நான் யானை மாதிரி குதிக்கேன்னு சொல்லுதா. நானும் சொன்னேன். "பதினொரு வருஷமா நான் ஆறேகால் மடங்கு உழைச்சிருக்கேன், நீ நாலரை மடங்கு உழைச்சிருக்கே. கப்பை மட்டும் சரிபாதியா வாங்கிக்கிட்டே"ன்னேன்.

சொல்லியிருக்கக் கூடாதுன்னு நினைக்கீங்களா? உங்க மூஞ்சி அப்படித்தான் சொல்லுது. ஆனா கணக்கு அதுதானே?

அவ உடைஞ்ச கண்ணாடியைக் கைக்குட்டையில மடிச்சா. மடிச்சுட்டு, "கனி, நான் உன்கூட விளையாடுதேனா, உன் இடுப்புகூட விளையாடுதேனா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. வரும்போது ஒரே பஸ்ஸுல வந்தோம். அவ முன் சீட்டு, நான் கடைசி சீட்டு. கடைசி சீட்டுல வந்தா இடுப்பு என்ன ஆகும்னு எந்தக் காலேஜ்லயும் ஆராய்ச்சி பண்ணது கிடையாது.

ரெண்டாம் தடவை அளக்கப் போன கதையைக் கேளுங்க. எனக்குப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தாவ. பத்தரைக்கே போயிட்டேன். கதவு சாத்தியிருக்கு. உள்ள இருந்து தொம். கொஞ்சம் கழிச்சு மறுபடியும் தொம். செவரே அதிருது. யாரோ வாலிபால் ஆடுத ஆம்பளை மாதிரிப் பொம்பளைன்னு நினைச்சேன். கதவு திறக்கு. குளோரி. புதுக் கண்ணாடி, வேர்த்து ஊத்துது. என்னைப் பாத்தா. நானும் பாத்தேன். அவ என்னவோ சொல்ல வாயைத் திறந்தா. நான் செவுத்துல இருந்த எலும்புப் படத்தைப் படிக்க ஆரம்பிச்சுட்டேன். போயிட்டா.

உள்ள போனதும் முதல் வேலையா ஹிதாயாகிட்டக் கேட்டேன், "குளோரிக்கு எவ்வளவு?" "அதைச் சொல்லக் கூடாது மேடம். போன தடவை காட்டுனதுக்கே எங்க கைடு திட்டினாங்க"ன்னா. "எண்ணு வேண்டாம், கூடிச்சா குறைஞ்சுதா?" உருண்டையை ஒட்ட ஆரம்பிச்சுட்டா. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டா. அவளுக்கே புரியலை போல. "குளோரி மேடம் ஒவ்வொரு தடவை குதிச்சு இறங்கும்போதும், 'பின்னாடி நிக்கவளுக்கு இது கேக்குமா, கேக்குமா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க மேடம்"னா.

பாத்தீங்களா? என்ன அர்த்தம் அதுக்கு? என்னைக் கேலி பண்ணி நடிச்சுக் காட்டியிருக்கா, அதுவும் ஆராய்ச்சி நடக்கிற இடத்துல! இல்லைனா ஆறேகால் வாங்கணும்னு ஆசை வந்திருக்கணும். என்ன தலையாட்டுதீங்க? வேற அர்த்தமா? என்ன வேற அர்த்தம்? நீங்க அவளைப் பாத்தது இல்லை தங்கச்சி, எனக்கு அவளைப் பதினொரு வருஷமாத் தெரியும்.

சரி, என் கதைக்கு வாரேன். நான் குதிச்சேன். பஞ்சு மாதிரி இறங்குதேன். ஹிதாயா ஸ்கிரீனைப் பாத்துட்டு, "மேடம், நாலுக்கும் கீழ! எப்படி மேடம்?"னு அதிசயிக்கா. எனக்குக் கை கால் ஓடலை. "பாத்தியா! குளோரிகிட்ட..."ன்னு சொல்லிக்கிட்டே திரும்புதேன், தரையில விரிச்சிருந்த ரப்பர் மேட் காலை வாரிட்டு. விழலை. விழப் பாத்து, ஒத்தக்காலைத் தட்டு மேல ஓங்கி ஊணி, ரெண்டு கையையும் காத்துல சுத்தி, நின்னுட்டேன். மிஷின் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. ஹிதாயா கணக்குப் போட்டுப் பாத்துட்டு, "எட்டு"ன்னா. "எட்டு என்ன?" "எட்டு மடங்கு மேடம்."

யாருக்குமே வரலையாம்! இருபது பேருல, எம்பிக் குதிச்சவ, ஓடினவ, எவளுக்கும் எட்டு வரலை. குதிக்கும்போது நமக்கு முன்னாடியே தெரியும், உடம்பு தயாரா இருக்கும். தடுக்கும்போது தெரியாது. விழுந்திரக் கூடாதுன்னு எல்லாச் சதையும் ஒண்ணாச் சேர்ந்து ஒரே நேரத்துல இறுக்கும், அதனால விளையாட்டை விடத் தடுமாத்தத்துல பாரம் கூடிருமாம். "அப்ப எழுதிக்கோ, சண்முகக்கனி, எட்டு"ன்னேன். "தடுக்குனது எங்க ஆராய்ச்சியில கிடையாது மேடம், அதைச் சேர்க்க முடியாது"ன்னுட்டா. நாலுக்குக் கீழயும் என் எண்ணு, எட்டும் என் எண்ணு. ரெண்டு பக்கமும் நான்தான் முதல். சொல்லிக்கிட ஒரு ஆளு வேண்டாமா? படி இறங்கி வாரேன், போனை எடுத்துட்டேன், குளோரி நம்பரையும் போட்டுட்டேன். பொறவுதான் பேசுததில்லைன்னு ஞாபகம் வந்துச்சு. கட் பண்ணிட்டேன்.

எனக்கு அவ இல்லாம ஒண்ணும் ஆகாமப் போகலை. சாயங்காலம் அஞ்சரை மணிக்கு மட்டும் நெஞ்சுல என்னவோ மாதிரி இருக்கும். அது காப்பியை நிறுத்தினதால.

ஜூன் மாசம் அவளுக்கு வள்ளியூருக்கு மாற்றல் வந்துட்டு. எம் மூஞ்சில முழிக்கக் கூச்சப்பட்டு வாங்கிட்டுப் போயிட்டான்னு நான் சொல்லுதேன். புரமோஷன்னு ஊருல சொல்லுதாவ. நான் வேற ஜோடி பாத்தேன். எங்க ஊரு பேங்க்ல வேலை பாக்க பானுரேகான்னு ஒருத்தி. நல்ல பிள்ளைதான். ஆனா வாற பந்துக்கெல்லாம் "உங்களுக்கு"ம்பா, கோட்டுக்கு வெளிய போற பந்துக்கு "எனக்கு"ம்பா. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் எங்க நிக்கேன்னு திரும்பித் திரும்பிப் பாப்பா. கழுத்து சுளுக்கி லீவு போட்டுட்டா.

அப்பதான் இந்த நாகர்கோவில் போட்டி நோட்டீஸ் வந்துது. ஜோடி பேரு எழுதணும். கை தானா எழுதிட்டு: சண்முகக்கனி, குளோரி. டைப்பிஸ்ட் கை, பழகினதைத்தான் அடிக்கும். அடிச்சதை மாத்தினா அசிங்கமா இருக்கும்னு அப்படியே அனுப்பிட்டேன். நேத்து அவளுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். "ஞாயிறு காலை. வள்ளியூர் பஸ் ஸ்டாண்டு. ஏழே முக்கால். இஷ்டம் இருந்தா." அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் கேக்கலை. பாத்துட்டா, நீலக் கோடு விழுந்துட்டு. பதில் போடலை. கணக்கு டீச்சருக்குப் பதில் தெரியாமயா இருக்கும்?

இதுவா? இது கண்ணாடிக்குப் பின்னாடி மாட்டுத கயிறு. கடையில சும்மா கிடந்துது, வாங்கினேன். நான் கண்ணாடி போடலைன்னு எனக்கும் தெரியும் தங்கச்சி.

என்ன, கண்டக்டர் என்ன சொல்லுதாரு? பைபாஸா? அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி! ஏறும்போதே கேட்டேன்லா, வள்ளியூருக்குள்ள போகும்னு சொன்னியளா இல்லையா? இறங்க ஆளு இல்லைனா என்ன, ஏற ஆளு இருக்கு! எத்தனை பேரா? ஒரு ஆளு. ஒரு ஆளுன்னா ஆளு இல்லையா? வண்டி நிறைய ஆளை வச்சுக்கிட்டு நான் நாலு மாசமா ஒரு ஆளு இல்லாமத்தான் இருக்கேன்! வருவாளா மாட்டாளான்னு எனக்கு எப்படித் தெரியும்? வராட்டியும் அங்க போய் நின்னு அவ வரலைன்னு நான் பாக்கணும். இந்தாங்க, வள்ளியூர் டு நாகர்கோவில் ஒரு டிக்கெட் இப்பவே கிழிங்க. ஏறாத ஆளுக்கு டிக்கெட் கிழிக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கா? காட்டுங்க. நீங்க சொல்லுங்க தங்கச்சி. சும்மா இருக்காதீங்க, இவ்வளவு நேரம் கேட்டீங்கல்லா, எந்திரிச்சுச் சொல்லுங்க. ஆங். பாருங்க, படிச்ச பிள்ளை சொல்லுது. பின்னாடி அந்தத் தாத்தாவும் சொல்லுதாரு.

திருப்பிட்டாரு. நல்லா இருப்பாரு.

பஸ் ஸ்டாண்டு வந்துட்டு. நான் பாக்க மாட்டேன். நீங்க ஜன்னல் வழியாப் பாருங்க. ஒல்லியா இருப்பா. கருப்பு பிரேம் போட்ட கண்ணாடி. பூக்கடை பக்கம் பாருங்க. இல்லையா? டீக்கடை பக்கம்? பெஞ்சுல? யாரு, நீல ட்ராக் பேண்ட்டா? கையில என்ன இருக்கு, குடையா மட்டையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க தங்கச்சி, குடையா, மட்டையா?

மட்டை!

எந்திரிங்க. முழிச்சுக்கிட்டு இருக்காதீங்க தங்கச்சி, எந்திரிங்க. பின்னாடி டயர் மேல ஒரு சீட்டு காலியாத்தான் கிடக்கு, உங்க வயசுக்கு ஒண்ணும் செய்யாது. பையை நான் தூக்கித் தாரேன். போங்க, போங்க, ஏறிட்டா... குளோரி! ஏட்டி குளோரி! முன்னாடி எங்கட்டி தேடுதே, இங்க வா! திருநெல்வேலியில இருந்தே உனக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்!